பச்சிளம் பிள்ளையைப் படமெடுக்க என்ன பொருட்கள் வாங்குவது?

திருமண வீடுகளிலும் பூப்புனித நீராட்டு விழாக்களிலும் கமரா தூக்கிப் பழகிய பல இளைஞர்கள் இப்போது பிறந்த பிள்ளைகளைப் படமெடுக்கும் வேலைக்கும் வந்திருக்கிறார்கள். இந்தத் துறைக்குள் காலடி வைக்கும் ஒருவர் பெரும்பாலும் முதலில் செய்வது பொருட்களுக்கு ஓடர் கொடுப்பதுதான். சின்னக் கட்டில், மர வாளி, பிறை வடிவ இருக்கை, காது வைத்த கம்பளித் தொப்பி, செயற்கை உரோம விரிப்பு என்று இணையத்தில் கண்டதெல்லாம் கூடைக்குள் போகும். பொதி வந்து சேர்ந்த பிறகுதான் அவற்றில் பாதி தனக்கு உதவாது என்பது தெரியவரும்.

பொருட்களின் தரம் குறைவு என்பதல்ல இதற்குக் காரணம். அவை வேறொரு வயதுப் பிள்ளைக்காக, வேறொரு காலநிலைக்காகச் செய்யப்பட்டவை. அத்துடன், அந்தப் பொருளுக்குள் பிள்ளை இருப்பதாகக் காட்டும் விளம்பரப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதை விற்பவர் சொல்வதில்லை.

எத்தனையாம் நாள் பிள்ளை?

மேலைநாடுகளில் பச்சிளம் பிள்ளைப் படப்பிடிப்பு என்றால் பிறந்து 5 முதல் 14 நாட்களுக்குள் எடுப்பதையே குறிப்பிடுவார்கள். அந்த நாட்களில் பிள்ளை ஆழ்ந்து உறங்கும். கருவறையில் இருந்தது போலவே கைகால்களை மடக்கிச் சுருண்டு கிடக்கும். வாளியும் கிண்ணமும் சின்னக் கூடையும் இந்தச் சுருண்ட பிள்ளைக்காகவே வடிவமைக்கப்பட்டவை.

எங்கள் இடங்களில் நிலைமை வேறு. பெரும்பாலான சைவக் குடும்பங்களில் 31ஆம் நாள் துடக்குக் கழியும் வரை வெளியாரை அதிகம் வீட்டுக்குள் விடமாட்டார்கள். பிள்ளையை ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோவது என்ற பேச்சே எழாது. அன்றைக்கோ அதற்குப் பிறகோதான் படப்பிடிப்பாளருக்கு அழைப்பு வரும். முஸ்லிம் குடும்பங்களில் 7ஆம் நாள் முடி களைந்து பெயர் வைக்கும்போது அழைப்பது உண்டு. ஆனால் அது வீட்டில், உறவினர் நடுவே நடக்கும் நிகழ்வு. பிள்ளையை மணிக்கணக்கில் கிடத்தி எடுக்க அங்கே வாய்ப்பில்லை.

31 நாள் பிள்ளை 10 நாள் பிள்ளை அல்ல. அது காலை நீட்டி உதைக்கும். விழித்திருக்கும் நேரம் கூடியிருக்கும். முகத்தைப் பார்த்தால் கண்ணால் பின்தொடரும். சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டுக் கையை விரிக்கும். பல பிள்ளைகளுக்குக் கன்னத்தில் பரு போன்ற சிவந்த புள்ளிகளும் அப்போதுதான் வரும். இந்தப் பிள்ளையைச் சுருட்டி வாளிக்குள் இருத்த முயன்றால் பிள்ளையும் அழும், தாயும் பதறுவார், படமும் வராது. இதே பிள்ளையைத் தட்டையான, அகன்ற ஒரு பரப்பில் மல்லாக்கக் கிடத்தி மேலிருந்து எடுத்தால், உறங்கும் பிள்ளையிடம் கிடைக்காத ஒன்று கிடைக்கும். அது உங்களை நேராகப் பார்க்கும் பார்வை.

ஆகவே உங்களிடம் வரப்போகும் பிள்ளைகளின் வயதை முதலில் கணக்கிடுங்கள். நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளை ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் நீளம். ஒரு மாதத்தில் இன்னும் நான்கைந்து சென்ரிமீற்றர் கூடிவிடும். தலைச் சுற்றளவு பிறக்கும்போது 33 முதல் 35 சென்ரிமீற்றர் வரை இருக்கும். ஒரு மாதத்தில் 37 அளவுக்கு வரும். 'நியூபோன்' என்று எழுதி விற்கும் தொப்பி 31ஆம் நாள் பிள்ளையின் நெற்றியை இறுக்குவது இதனால்தான். கூடையோ கிண்ணமோ வாங்குவதென்றால் வெளி அளவைப் பார்க்காமல் உள் விட்டத்தைக் கேளுங்கள். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் வாளி கைக்கு வரும்போது தேநீர் வாளி அளவில் இருக்கக்கூடும்.

நாடி நெஞ்சில் முட்டக்கூடாது

அழகும் விலையும் பிறகு. ஒரு பொருள் பிள்ளையின் மூச்சை என்ன செய்யும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

பிறந்த பிள்ளையின் தலை உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. அந்தப் பாரத்தைத் தாங்கும் பலம் கழுத்துக்கு இன்னும் வந்திருக்காது. மூச்சுக்குழாய் ஒடுக்கமானது, மென்மையானது. தலை முன்னுக்குச் சரிந்து நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுப்பாதை மடங்கி ஒடுங்கும். அந்த நேரத்தில் பிள்ளை கத்தாது, துடிக்காது. பார்ப்பவருக்கு நல்ல உறக்கம் போலவே தெரியும். இதன் ஆபத்து அந்த அமைதியில்தான் இருக்கிறது.

இதை மனதில் வைத்து இணையக் கடையை மறுபடி பாருங்கள். பிள்ளையை நிமிர்த்தி இருத்தும் வாளி, சின்னச் சாய்மனை, பிறை நிலா இருக்கை, தொங்கும் வலை ஆகிய எல்லாமே நாடியை நெஞ்சுக்குத் தள்ளும் வடிவங்கள். தொடங்குபவர் இவற்றை வாங்கவே வேண்டாம் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. எதில் கிடத்தினாலும் நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில் இரண்டு விரல் புக வேண்டும். மூக்கும் வாயும் துணியில்லாமல் தெரிய வேண்டும்.

மணிகள் நிரப்பிய பெரிய பஞ்சணையில் பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, கன்னத்தைக் கையில் சாய்த்து எடுப்பது உலகமெங்கும் பிரபலமானது. பஞ்சணை அமுங்க அமுங்க முகம் உள்ளே போகும். உறங்கும் குழந்தையைக் குப்புறக் கிடத்த வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் பரிந்துரைத்தது. குப்புறப் படுத்தலுக்கும் திடீர் சிசு மரணத்துக்கும் இருந்த தொடர்பே அதற்குக் காரணம். படப்பிடிப்பில் வரும் உறக்கமும் உறக்கம்தான். அனுபவமுள்ள ஒருவரிடம் நேரில் பழகும் வரை மல்லாந்த நிலையைத் தவிர வேறொன்றும் செய்யாதீர்கள். அந்த ஒரு நிலையிலேயே துணியையும் விரிப்பையும் கமராவின் கோணத்தையும் மாற்றி வேண்டிய அளவு படம் எடுக்கலாம்.

துணியால் சுற்றுவதிலும் கவனம் தேவை. கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றுவது இடுப்பு மூட்டுக்குக் கூடாது. முழங்கால் மடிந்து தொடைகள் விலகியிருக்க இடம் விட்டுச் சுற்ற வேண்டும். நெஞ்சின் மேல் துணிக்கும் உடலுக்கும் இடையில் விரல்கள் போய் வர வேண்டும்.

படத்தில் தெரிவது நடந்தது அல்ல

பெற்றோர் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "தம்பி, இதைப் போல ஒன்று எடுத்துத் தாங்கோ" என்பார்கள். பிள்ளை இரண்டு கைகளாலும் நாடியைத் தாங்கி, தவளை போல இருந்து உறங்கும் படம் அது. அந்தப் படத்தைப் பொறுப்பாக எடுப்பவர்கள் ஒருபோதும் ஒரே தடவையில் எடுப்பதில்லை. ஒரு படத்தில் உதவியாளர் தலையைப் பிடித்திருப்பார், இன்னொரு படத்தில் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். இரண்டையும் கணினியில் இணைத்துக் கைகளை அழித்து விடுவார்கள். மரக்கிளையில் துணி மூட்டைக்குள் தொங்கும் பிள்ளையும் அப்படித்தான். கிளை வேறு படம். பிள்ளை நிலத்தோடு ஒட்டிய பஞ்சணையில் கிடந்தது வேறு படம். இது தெரியாமல் கிளையையும் வலையையும் வாங்கி, பிள்ளையை உண்மையாகவே தொங்கவிடுபவருக்குத்தான் விபத்து காத்திருக்கிறது.

இந்த வித்தை கணினி வருவதற்கு முந்தியது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு படம் பதிய பல வினாடிகள் தேவைப்பட்டன. அவ்வளவு நேரம் குழந்தை அசையாமல் இருக்காது. ஆகவே தாயைக் கதிரையில் இருத்தி, தலையோடு துணியால் மூடி, அவர் மடியில் குழந்தையை வைத்து எடுத்தார்கள். இன்று 'மறைந்திருக்கும் தாய்' படங்கள் என்று அவற்றைச் சேகரிப்போர் இருக்கிறார்கள். துணி போர்த்த நாற்காலி போலத் தெரிவது உண்மையில் அம்மா.

குழந்தையைப் பூச்சாடிக்குள்ளும் இலைகளுக்கு நடுவிலும் வைக்கும் பாணியை உலகெங்கும் பரப்பியவர் அவுஸ்திரேலியாவில் பிறந்து நியூசிலாந்தில் பணியாற்றிய ஆன் கெடஸ். 1996இல் வெளியான அவரது 'டவுன் இன் த கார்டன்' என்ற நூலுக்குப் பிறகு நாட்காட்டி, வாழ்த்து மடல் எங்கும் அந்தப் பாணி பரவியது. அவருடைய படங்களுக்குப் பின்னால் உதவியாளர் குழுவும் நீண்ட ஆயத்தமும் இருந்தன. தனியாளாகக் கமராவோடு போகும் ஒருவர் அவற்றின் பொருட்களை மட்டும் எடுத்துக்கொள்வது பாதி வேலைதான்.

தொடங்குபவருக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு. கணினியில் இணைக்கத் தெரிந்தால் பல பொருட்களை வாங்கவே தேவையில்லை. தெரிந்தவர் வீட்டுப் பழைய தொட்டிலையோ பூக்கள் நிறைந்த முற்றத்தையோ பிள்ளை இல்லாமல் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். பிறகு பாயில் பத்திரமாகக் கிடந்த பிள்ளையின் படத்தை அதனுடன் சேர்க்கலாம். வெளிச்சம் வரும் பக்கமும் கமராவின் உயரமும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் போதும்.

சுளகும் கடகமும்

இணையத்தில் தேடுவதற்கு முன் அம்மம்மா வீட்டுக் கோடியை ஒருமுறை பாருங்கள். சுளகு ஒன்று இருந்தால் உங்கள் முதல் பொருள் கிடைத்துவிட்டது. தட்டையானது, விளிம்பு உயர்ந்தது, மேலிருந்து எடுக்கும்போது தானாகவே ஒரு சட்டம் போட்டுத் தருவது. தப்பிப் பிழைக்க வேண்டும் என்று நேர்ந்து பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லும் பழைய வழக்கம் தெரிந்த முதியவர்களுக்குச் சுளகில் கிடக்கும் பேரப்பிள்ளையின் படம் வேறொரு அர்த்தமும் தரும். ஒரு மாதப் பிள்ளைக்குச் சாதாரணச் சுளகு அளவாகவோ சற்றுச் சிறிதாகவோ இருக்கும். பெரியதாகப் பார்த்து எடுங்கள். அதை நிலத்தில் வைத்தே எடுங்கள். மேசையிலோ கட்டில் விளிம்பிலோ வைக்க வேண்டாம்.

பன்பாய், பனையோலைப் பாய், கடகம் ஆகியவையும் நல்லவை. பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களிலும் சந்தைகளிலும் பனையோலைப் பொருட்கள் கிடைக்கின்றன. வாங்கியதும் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து உட்பக்கம் முழுவதும் தடவுங்கள். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே ஈர்க்கோ ஓலை விளிம்போ நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை வெட்டி, மணல்தாளால் தேய்த்து, மறுபடி பஞ்சைத் தடவுங்கள். அடுத்தது சாயம். நிறமூட்டிய ஓலையில் நனைத்த வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அதைப் பிள்ளைக்கு அருகில் வைக்க வேண்டாம். படப்பிடிப்பின்போது பிள்ளை சிறுநீர் கழிக்கும் என்பதில் சந்தேகமே தேவையில்லை.

கடகத்துக்குள் பிள்ளையைக் கிடத்துவதாயின் அடியில் இரண்டு மூன்று கிலோ பாரம் போடுங்கள். அரிசிப் பை போதும். அதற்கு மேல் துவாய்களை மடித்து இறுக்கமாக நிரப்பி மட்டப்படுத்துங்கள். தலையணை வேண்டாம், அது அமுங்கும். மேலே மெல்லிய விரிப்பு ஒன்று மட்டும். கையால் அழுத்தினால் குழி விழாத அளவுக்கு அந்தப் படுக்கை இருக்க வேண்டும்.

ஏணையைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. சேலையில் கட்டிய ஏணை எங்கள் வீடுகளின் அடையாளம்தான். ஆனால் கமராவுக்கு வசதியாக அதை விரித்தும் தாழ்த்தியும் இழுக்கும்போது பிள்ளையின் நாடி நெஞ்சுக்கு வந்துவிடும், முடிச்சும் தளரும். ஏணையைப் பின்னணியில் விட்டுத் தாயின் கையில் பிள்ளையை வைத்து எடுப்பது நல்லது.

உரல், அண்டா, செம்புக் கிடாரம் போன்றவை பக்கத்தில் இருக்கலாம், பிள்ளை அவற்றுக்குள் இருக்கத் தேவையில்லை. கண்ணாடிச் சாடியைக் கண்ணாலும் பார்க்க வேண்டாம். முற்றத்துப் பூக்களில் அலரியையும் எருக்கலையையும் தவிருங்கள். அலரி முழுச் செடியும் நஞ்சு. எருக்கலம் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம். மல்லிகை பறித்தால் வெள்ளைத் துணியில் உதறி எறும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

துணியின் நிறம் மறைக்கும் மஞ்சள்

உண்மையில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் துணிதான். நீட்டினால் இழுபடும் பருத்திப் பின்னல் துணியில் சுற்றுவதற்கு இரண்டு, ஒன்றரை மீற்றர் நீளத்தில். விரிப்புக்கு மடிப்பு விழாத கனத்தில் இரண்டு. இவ்வளவு போதும், முதல் ஆறு மாதத்தை ஓட்டலாம். தையல்காரரிடம் கொடுத்து விளிம்பு மடித்து அடிக்கச் சொல்லுங்கள். தொங்கும் நூல் சின்ன விரலில் சுற்றினால் இரத்தோட்டம் தடைப்படும்.

இணையத்தில் விற்கும் வெளிறிய பாலாடை நிறங்கள் வெள்ளைத் தோலுக்காகத் தெரிவு செய்யப்பட்டவை. எங்கள் பிள்ளைகளின் மாநிறத்துக்கு மண் நிறம், கரும்பச்சை, ஈரச்சாம்பல், காய்ந்த வாழைச் சருகின் நிறம் ஆகியவை எடுப்பாக இருக்கும். பளீர் வெள்ளையில் கிடத்தினால் கமரா வெளிச்சத்தைக் குறைத்துப் பிள்ளையைக் கறுக்கவைக்கும். பிறகு அதைக் கணினியில் வெளுக்கச் சொல்லி உறவினர் கேட்பார்கள். அந்தப் பேச்சைத் தொடக்கத்திலேயே தவிர்க்கத் துணியின் நிறமே உதவும்.

மஞ்சள் துணியை முதல் வருடத்தில் வாங்காதீர்கள். மஞ்சள் விரிப்பின் நிறம் தோலில் தெறித்து, பிள்ளைக்கு உண்மையாகவே மஞ்சட்காமாலை இருந்தாலும் தெரியாமல் செய்துவிடும். நிறைமாதப் பிள்ளைகளில் பிறந்த சில நாட்களில் வரும் மஞ்சள் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அதற்குப் பிறகும் இருந்தால் வைத்தியர் பார்க்க வேண்டும். 31ஆம் நாள் பிள்ளையின் கண் வெள்ளை மஞ்சளாக உங்கள் திரையில் தெரிந்தால், அதைத் திருத்திவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டாம். பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ காட்டும்படி பெற்றோரிடம் அன்றே சொல்லுங்கள். மங்கிய வீட்டு வெளிச்சத்தில் தினமும் பார்ப்பவர்களுக்குத் தெரியாதது, ஜன்னல் வெளிச்சத்தில் பெரிதாக்கிப் பார்ப்பவருக்குத் தெரியக்கூடும்.

கண்மை, பொட்டு, கறுப்பு வளையல், வசம்பு என்று வீட்டார் போட்டவை அவர்கள் விருப்பம். நீங்களாக மை கொண்டுபோய்ப் பூச வேண்டாம், சிலவற்றில் ஈயம் இருக்கும். மணி, முத்து கோத்த தலைப்பட்டிகளும் வேண்டாம். ஒரு மணி கழன்றால் அது போகும் இடம் வாய். இறப்பர் பட்டி நெற்றியில் பதிக்கும் கோட்டை அழிப்பதற்கு வேறு நேரம் செலவாகும்.

கம்பளியும் குளிரூட்டியும்

மேலைநாட்டுக் காணொளிகளில் அறையைச் சூடேற்றும் கருவி ஒன்று எப்போதும் இருக்கும். நுவரெலியாவில் இருப்பவர் வேண்டுமானால் அதை யோசிக்கலாம். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் கம்பளித் தொப்பியும் உரோம விரிப்பும் பிள்ளையை அவித்துவிடும். பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் துணியைக் கழற்றுங்கள். தொப்பி போட்டால் படம் எடுத்ததும் எடுத்துவிடுங்கள்.

குளிரூட்டி போட்ட ஸ்ரூடியோவில் பிரச்சினை நேர்மாறானது. பிரசவ அறையே 25 பாகை செல்சியசுக்குக் குறையக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களுக்கு இதமான குளிர் உடுப்பில்லாத பிள்ளைக்கு ஆகாது. வெறும் மேனியோடு எடுப்பதென்றால் குளிரூட்டியை நிறுத்துங்கள், மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். சுடுநீர்ப் போத்தலைப் பிள்ளைக்கு அடியில் வைக்கும் யோசனையைக் கேட்டால் காதிலேயே போட்டுக்கொள்ள வேண்டாம்.

நீண்ட இழை உரோம விரிப்புகள் மாரி காலத்தில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் மணக்கும். இழை கழன்று மூக்கில் ஒட்டும். சின்ன மின்குமிழ்ச் சரங்களைப் பிள்ளையைச் சுற்றிப் போடுவதும் வேண்டாம். அதன் பற்றரிப் பெட்டிக்குள் இருக்கும் பொத்தான் போன்ற பற்றரி, படப்பிடிப்பைப் பார்க்க வந்த மூன்று வயது அண்ணாவின் வாய்க்குள் போனால் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய விடயம்.

ஒரு பிள்ளைக்குப் பயன்படுத்திய துணி தோய்க்காமல் அடுத்த பிள்ளைக்குப் போகக்கூடாது. வாசனை இல்லாத சவர்க்காரத்தில் தோய்த்து, வெயிலில் காயவிட்டு, பிள்ளை வாரியாகப் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். தோய்க்க முடியாத பொருள் என்றால், வாங்கும்போதே அதன் மேல் எப்போதும் துணி வரும் என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள். தடிமன், இருமல் இருக்கும் நாளில் படப்பிடிப்பைத் தள்ளிப்போடுங்கள், வாடிக்கையாளர் கோபித்தாலும் பரவாயில்லை.

பிள்ளை எதில் கிடந்தாலும் ஒரு பெரியவரின் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கமராவைப் பிடித்திருக்கும் உங்கள் கை அந்தக் கணக்கில் வராது. அம்மம்மாவோ அப்பாவோ பக்கத்தில் குந்தியிருக்கட்டும். அவர்களின் கையும் படத்துக்குள் வந்துவிட்டால் வெட்டி எறிய வேண்டாம். சுருக்கம் விழுந்த அந்தக் கையில் பிள்ளையின் பாதத்தை வைத்து ஒரு படம் எடுங்கள். அதற்கு எந்தப் பொருளும் வாங்கத் தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் பெரிதாக்கிச் சுவரில் மாட்டக் கேட்பதும் பெரும்பாலும் அந்தப் படத்தைத்தான்.